கார் தொழிற்சாலையின் ஜிட் அழைப்புகள்: சப்ளையர் பக்கத்து மென்பொருளைப் பழகுவது எப்படி?

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் காருக்கு சீட்டோ பம்பரோ வயரிங்கோ செய்து தருகிற ஒரு கம்பெனியில், டிஸ்பாட்ச் பிரிவிலோ ஐடி பிரிவிலோ நீங்கள் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே ஒரு கணினித் திரையைக் காட்டி, "இதில்தான் கஸ்டமர் அழைப்பு வரும், பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அழைப்பு என்றால் போன் இல்லை, இன்ன பொருளை அனுப்பு என்று கார் கம்பெனியிடமிருந்து வரும் மின்செய்தி. எந்தப் பட்டனை அழுத்துவது என்பது ஒரு வாரத்தில் பழகிவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அழைப்பு வந்த நிமிடத்திலிருந்து உங்கள் பொருள் அசெம்ப்ளி லைனில் காருக்குப் பக்கத்தில் போய் நிற்கிற நிமிடம்வரை என்ன நடக்கிறது என்று யாரும் முழுசாகச் சொல்லித் தருவதில்லை. அது தெரிந்தால் எந்த மென்பொருளையும் ஓட்டலாம். தெரியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் கைவிட்டுவிடும்.

ஜஸ்ட் இன் டைம், சுருக்கமாக ஜிட், டொயோட்டாவிலிருந்து வந்த முறை. தேவையான பொருள், தேவையான அளவு, தேவையான நேரத்துக்கு வர வேண்டும். அதற்கு முன்னால் வந்து இடத்தை அடைக்கவும் கூடாது. கார் தொழிற்சாலை பெரிய கிடங்கு வைத்துக்கொள்வதில்லை என்பதால், நம் தாமதம் சில மணி நேரத்துக்குள், சில சமயம் சில நிமிடங்களுக்குள், அங்கே லைனை நிறுத்திவிடும். லைன் நின்றால் அதற்கான செலவை சப்ளையர் தலையில் கட்டும் ஒப்பந்தங்கள் சாதாரணம்.

படி 1: வருவது எந்த வகை அழைப்பு என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் "ஷெட்யூல்" என்றே அழைக்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. ஆனால் மூன்று வேறு விஷயங்கள் வருகின்றன.

முதலாவது, சில மாதங்களுக்கான உத்தேசத் தேவை. இதை நம்பித்தான் மூலப்பொருள் வாங்குவதும் ஆள் போடுவதும். எடிஃபாக்ட் என்ற சர்வதேச மின்செய்தி முறையில் இதற்கு டெல்ஃபார் என்று பெயர். ஜெர்மானியக் கார் கம்பெனிகள் வெகுநாள் பயன்படுத்திய வடிவம் விடிஏ 4905 (விடிஏ என்பது ஜெர்மானிய வாகனத்துறைச் சங்கம்). அமெரிக்க எக்ஸ்12 முறையில் 830. இதில் எத்தனை வாரம் உறுதி, எத்தனை வாரம் வெறும் கணிப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்துவிடுங்கள்.

இரண்டாவது, நாள் கணக்கிலோ மணிக் கணக்கிலோ வரும் துல்லியமான அழைப்பு: டெல்ஜிட், விடிஏ 4915, எக்ஸ்12 862. இன்ன பார்ட் நம்பர், இத்தனை, இந்த டாக்குக்கு (சரக்கு இறக்கும் இடம்), இந்த நேரத்துக்கு என்று இருக்கும்.

மூன்றாவதுதான் கடினமானது. லைனில் கார்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் பொருளை அடுக்கித் தர வேண்டும். சிவப்புக் காருக்குச் சிவப்பு பம்பர், அடுத்த வெள்ளைக்கு வெள்ளை, அதற்கடுத்ததற்கு சென்சார் ஓட்டை வைத்த வெள்ளை. விடிஏ 4916, எக்ஸ்12 866 இரண்டும் இதற்கானவை. இதைச் சீக்வென்ஸ் சப்ளை என்பார்கள். சீட், பம்பர், டாஷ்போர்டு மாதிரி ரகம் அதிகமாகவும் பருமனாகவும் இருக்கும் பொருள்களுக்கு இந்த முறை.

புதிதாக ஏற்பாடு செய்கிற ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் பழைய விடிஏ வடிவங்களை விட்டுவிட்டு, எடிஃபாக்டை அடிப்படையாகக் கொண்ட 4984 முதலான வரிசைக்கு மாறிவருகிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகள் பலவற்றில் இந்தச் சங்கதியெல்லாம் சப்ளையர் போர்ட்டலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நீங்கள் பார்ப்பது ஒரு வலைப்பக்கமும் எக்செல் கோப்பும்தான். ஜப்பானியப் பழக்கமுள்ள ஆலைகளில் கான்பன் அட்டை (தீர்ந்த பொருளை மறுபடி கேட்கும் அட்டை) அல்லது மின்கான்பன் வரும். வடிவம் எதுவானாலும், இந்த மூன்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 2: நிமிடக் கணக்குப் போடுங்கள்

மென்பொருள் பக்கம் போவதற்கு முன் இதைச் செய்யச் சொல்கிறேன். நான் பார்த்தவரை புதியவர்கள் தாண்டிப் போய்விடுவது இந்தப் படியைத்தான்.

ஓர் உதாரணக் கணக்கு. வாடிக்கையாளரின் லைனில் மணிக்கு 60 கார் நகர்கிறது. அதாவது நிமிடத்துக்கு ஒன்று. பெயின்ட் முடிந்த பாடி, அசெம்ப்ளி லைனில் நுழையும்போது உங்களுக்குச் சீக்வென்ஸ் அழைப்பு வருகிறது. அங்கிருந்து 200 கார் தள்ளி சீட் பொருத்தும் இடம். ஆக, உங்களுக்கு 200 நிமிடம் இருக்கிறது.

இப்போது கழியுங்கள். செய்தி வந்து லேபிள் அச்சாக 5 நிமிடம். ஒரு வண்டியில் 40 காருக்கான சீட் ஏறும் என்றால், முதல் காரின் அழைப்புக்கும் நாற்பதாவது காரின் அழைப்புக்கும் நடுவே 40 நிமிடம் போய்விடுகிறது. வண்டியில் ஏற்ற 15. சாலையில் 35. வாடிக்கையாளர் கேட்டில் பதிந்து, இறக்கி, லைன் ஓரம் கொண்டுபோக 25. லைன் ஓரத்தில் எப்போதும் 30 நிமிடத்துக்கான இருப்பு வேண்டும் என்கிறார்கள், அது 30. மொத்தம் 150. மீதி 50 நிமிடம். கடைசி சீட்டைத் தைத்து, பூட்டி, சோதித்து முடிக்க உங்களுக்கு இருப்பது அவ்வளவுதான்.

லாரி வாடகையை மிச்சம் பிடிக்கிறோம் என்று யாராவது 80 கார் ஏறும் பெரிய வண்டிக்கு மாற்றினால், சேர்த்துக் காத்திருக்கும் நேரம் 40-லிருந்து 80 ஆகும். கையில் 10 நிமிடம்தான் மிஞ்சும். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு சின்ன நெரிசல் போதும், அந்த 10 நிமிடமும் காலி. மென்பொருளால் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. எந்த இடத்தில் எத்தனை நிமிடம் தின்றது என்று காட்ட முடியும், அவ்வளவுதான். எனவே அழைப்பு வந்தது, லேபிள் அச்சானது, ரேக் மூடியது, வண்டி கிளம்பியது என்று நான்கு இடங்களிலாவது நேரமுத்திரை பதிகிறதா என்று பாருங்கள். பதியாத மென்பொருள் என்றால் அதை உடனே கேட்டு வாங்குங்கள்.

படி 3: மாஸ்டர் டேட்டாவைச் சுத்தம் செய்யுங்கள்

அலுப்பான வேலை, ஆனால் தப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. மாஸ்டர் டேட்டா என்றால் மென்பொருள் நம்பியிருக்கும் அடிப்படை விவரங்கள்: வாடிக்கையாளரின் பார்ட் நம்பருக்கு நேராக உங்கள் பார்ட் நம்பர், அவர்களின் பிளான்ட் கோட், இறக்கும் டாக், லைனில் பயன்படுத்தும் இடம், ஒரு பின்னில் (பொருள் வைக்கும் பெட்டி) எத்தனை, எந்த வகை பின் அல்லது ட்ராலி, உங்கள் வெண்டார் கோட். ஒரே பொருள் இரண்டு டாக்குக்குப் போவதுண்டு. அதை ஒரே வரியாகப் போட்டு வைத்தால் வண்டி தவறான கேட்டில் போய் நிற்கும்.

டிசைன் மாற்றம் வரும்போது பார்ட் நம்பரின் கடைசி எழுத்து மட்டும் மாறும். பழையது எந்தக் காரோடு முடிகிறது, புதியது எந்தக் காரிலிருந்து தொடங்குகிறது என்ற தேதியையோ சீக்வென்ஸ் எண்ணையோ முன்கூட்டியே மென்பொருளில் ஏற்றி வைக்க வசதி இருக்க வேண்டும். அன்று காலை வந்து கையால் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

படி 4: செய்தி முழுசாக வந்ததா என்று உறுதி செய்யுங்கள்

ஐரோப்பியக் கார் துறையில் கோப்புகள் பெரும்பாலும் ஓஎஃப்டிபி2 என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக வரும். ஒடெட் என்ற ஐரோப்பிய வாகனத்துறை அமைப்பின் ஏற்பாடு அது. இணையத்தில் குறியாக்கத்தோடு போகும்படி 2007-இல் பொதுத் தரமாக வெளிவந்தது. இதே வேலைக்கு வேறு சிலர் ஏஎஸ்2 வைத்திருப்பார்கள், சிலர் எஸ்எஃப்டிபி. ஓஎஃப்டிபி2-இல் கோப்பு போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை திரும்பப் போகும். ஆனால் கோப்பு வந்துவிட்டது என்பதற்கும், உள்ளே இருக்கும் அழைப்பை உங்கள் மென்பொருள் புரிந்துகொண்டது என்பதற்கும் நிறைய தூரம். பார்ட் நம்பர் ஒன்று மாஸ்டரில் இல்லையென்றால் அந்த வரி மட்டும் பிழைப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். யாரும் அந்தப் பட்டியலைத் திறக்காவிட்டால் அப்படியே கிடக்கும்.

மூன்று சோதனைகளை மென்பொருள் தானாகச் செய்கிறதா என்று பாருங்கள். அழைப்புகளுக்கு வரிசை எண் உண்டு. 1041, 1042-க்குப் பிறகு 1044 வந்தால் 1043 எங்கே என்று அது கேட்க வேண்டும். ஒரே அழைப்பு இரண்டு தடவை வந்தால் இரண்டாவதை ஏற்கக் கூடாது. மூன்றாவதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்: எதுவுமே வராவிட்டாலும் கத்த வேண்டும். லைன் ஓடுகிற நேரத்தில் 10 நிமிடமாக ஒரு அழைப்பும் இல்லையென்றால், ஒன்று லைன் நின்றிருக்கிறது, இல்லை உங்கள் இணைப்பு அறுந்திருக்கிறது. அலாரம் ஐடி ஆளின் மின்னஞ்சலுக்கு மட்டும் போனால் பிரயோஜனம் இல்லை. டிஸ்பாட்ச் சூப்பர்வைசரின் கைபேசிக்குப் போக வேண்டும்.

படி 5: க்யூம் கணக்கை நேராக வைத்திருங்கள்

க்யூம் என்றால் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இதுவரையிலான மொத்தக் கூட்டுத்தொகை. கார் துறையின் பெரும்பாலான ஷெட்யூல்கள் இதை வைத்துத்தான் பேசுகின்றன. பாஸ்புக் மாதிரிதான்: இன்று எவ்வளவு போட்டோம் என்பதோடு, இருப்பு எவ்வளவு என்றும் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் க்யூம் 12,400 எட்ட வேண்டும் என்று ஷெட்யூல் சொல்கிறது. உங்கள் கணக்கில் அனுப்பிய க்யூம் 12,000. ஆனால் வாடிக்கையாளரின் செய்தியில் பெற்ற க்யூம் 11,760 என்று இருக்கிறது. வித்தியாசம் 240. அந்த 240 இப்போது வண்டியில் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் அனுப்ப வேண்டியது 12,400-இல் 12,000 போக 400. வழியில் இருக்கும் 240-ஐ மென்பொருளுக்குத் தெரியாமல் விட்டால், அது 11,760-ஐக் கழித்து 640 என்று கேட்கும். 240 கூடுதலாகச் செய்துவிடுவீர்கள். அதனால் வாடிக்கையாளர் செய்தியில் "கடைசியாகப் பெற்ற டெலிவரி நோட்" எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு அடுத்து நீங்கள் அனுப்பியவை எல்லாம் வழியில் இருப்பவை என்று எடுத்துக்கொள்வதுதான் சரியான முறை.

வித்தியாசம் வழியில் இருக்கும் வண்டியோடு பொருந்தவில்லையென்றால் காரணம் இந்த இடங்களில் ஒன்றில் இருக்கும்: இறக்கிய இடத்தில் ஒரு பின் ஸ்கேன் ஆகாமல் விட்டிருக்கும், ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்ததை ஒரு பக்கம் கழித்து இன்னொரு பக்கம் கழிக்காமல் இருப்பார்கள், அவசரத்துக்கு ஆட்டோவில் அனுப்பிய பத்துப் பீஸுக்கு யாரும் டெலிவரி நோட் போட்டிருக்க மாட்டார்கள். ரிஜெக்ட்டைக் க்யூமில் கழிப்பதா வேண்டாமா என்பது வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறும். எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை க்யூமைப் பூஜ்யமாக்கும் நாளும் அப்படித்தான். அந்த நாளன்று வழியில் இருக்கும் வண்டிகள் பழைய கணக்கா புதிய கணக்கா என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

படி 6: வரிசையைத் தளத்தில் காப்பாற்றுங்கள்

சீக்வென்ஸ் சப்ளை செய்பவர்களுக்கு மட்டும் இந்தப் படி. அழைப்பு வந்ததும் ஒவ்வொரு காருக்கும் ஒரு லேபிள் அச்சாகும்: சீக்வென்ஸ் எண், பாடி எண், மாடல், ரகக் குறியீடு, பார்கோடு. அசெம்ப்ளி ஆள் அதைப் பார்த்துப் பொருளைச் செய்து, ரேக்கின் குறிப்பிட்ட ஸ்லாட்டில் வைக்கிறார். வைக்கும்போது லேபிளையும் ஸ்லாட் பார்கோடையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். பொருந்தாவிட்டால் ஸ்கேனர் சிவப்பு காட்டி, அடுத்த ஸ்லாட்டுக்கு விடக் கூடாது. "பிறகு மொத்தமாக ஸ்கேன் பண்ணிக்கிறேன்" என்பதற்கு இடமே கொடுக்காதீர்கள். ரேக் மூடியபின் செய்யும் ஸ்கேன், தவறைக் கண்டுபிடிக்கும். ஆனால் அந்த நேரத்தில் 20 சீட்டை இறக்கி ஏற்ற யாருக்கும் அவகாசம் இருக்காது.

வண்டியில் ஏற்றும் வரிசையும் உண்டு. பின்கதவு வழியாக இறக்கும் வண்டியென்றால், முதலில் தேவைப்படும் ரேக் கடைசியில் ஏற வேண்டும். பக்கவாட்டில் திறக்கும் வண்டியில் கணக்கு வேறு. இதை மென்பொருளில் வண்டி வகையோடு சேர்த்து வைத்துவிட்டால் இரவு ஷிஃப்டில் புதிதாக வந்தவரும் தப்பு செய்ய மாட்டார்.

வரிசை கெடுவது வாடிக்கையாளர் பக்கத்திலும் நடக்கும். ஒரு பாடியில் பெயின்ட் கோளாறு என்று லைனிலிருந்து இறக்கிவிடுவார்கள். அந்தக் காரின் எண் காணாமல் போகும். சில மணி நேரம் கழித்து அதே பாடி புது எண்ணோடு திரும்ப வரும். நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்த பொருளை மென்பொருள் ஞாபகம் வைத்து, பாடி எண்ணை வைத்துப் பொருத்தித் தர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது சீட் செய்து, முதலாவது மூலையில் தூசி படியும்.

கடைசிச் சோதனையில் ஒரு பொருள் அடிபட்டுப் போனால்? அந்த இடத்தில் அடுத்த காரின் பொருளை நகர்த்தி வைக்கவே கூடாது. ஸ்லாட்டைக் காலியாக விட்டு, குறி போட்டு, வாடிக்கையாளரின் லைன் பொறுப்பாளருக்குச் சொல்லி, மாற்றுப் பொருளைத் தனி வண்டியில் அனுப்ப வேண்டும்.

படி 7: பொருளுக்கு முன்னால் செய்தி போக வேண்டும்

வண்டி கிளம்பும்போதே ஏஎஸ்என், அதாவது சரக்கு வருகிறது என்ற முன்னறிவிப்புச் செய்தி, போய்விட வேண்டும். எடிஃபாக்டில் அது டெசாட்வ், விடிஏவில் பழைய 4913, அமெரிக்க முறையில் 856. என்ன பொருள், எத்தனை, எந்தப் பின்னில், எந்த வண்டியில் என்ற விவரம் அதில் இருக்கும். வண்டி கேட்டுக்கு வந்து ஏஎஸ்என் வராவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். ஏஎஸ்என்னும் வண்டியில் இருக்கும் லேபிளும் ஒத்துப்போகாவிட்டால் இறக்கும் இடத்தில் நிற்கும். ரேக்கில் ஸ்கேன் ஆனதிலிருந்து ஏஎஸ்என் தானாக உருவாக வேண்டும். கையால் தட்டச்சு செய்கிற ஏஎஸ்என் என்றைக்காவது ஒருநாள் காலை வாரும்.

நம் ஊரில் இதோடு ஜிஎஸ்டி வேலையும் சேர்ந்துகொள்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள் பிற நிறுவனங்களுக்குப் போடும் இன்வாய்ஸை அரசுத் தளத்தில் பதிந்து எண் பெற வேண்டும். சரக்கு மதிப்பு வரம்பைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் இ-வே பில்லில் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும். நாளொன்றுக்கு முப்பது வண்டி அனுப்புகிற இடத்தில் இதை ஒவ்வொன்றாகப் போர்ட்டலில் போய்ச் செய்வது நடக்காத காரியம், மென்பொருளோடு இணைத்துவிடுங்கள். படி 2-இல் போட்ட நிமிடக் கணக்கில் இதற்கும் இரண்டு மூன்று நிமிடம் ஒதுக்குங்கள்.

படி 8: மென்பொருள் நின்றுவிட்டால்

2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் உள்ள தன் 14 ஆலைகளின் 28 லைன்களையும் நிறுத்தியது. காரணம், பிளாஸ்டிக் பாகங்கள் தரும் கோஜிமா இண்டஸ்ட்ரீஸ் என்ற சப்ளையரின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கியது. ஒரே ஒரு சப்ளையர்! அடுத்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் அதே 14 ஆலைகள் மறுபடி நின்றன. இந்த முறை டொயோட்டாவின் சொந்த பார்ட்ஸ் ஆர்டர் சர்வர்களில் பராமரிப்பு செய்யும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் போனது. மாற்று சர்வரும் அதே ஏற்பாட்டில் ஓடியதால் அதற்கும் தாவ முடியவில்லை.

இவ்வளவு பெரிய கம்பெனிக்கே இப்படி என்றால், நாம் தயாராக இருந்தே தீர வேண்டும். மென்பொருள் இல்லாமல் 2 மணி நேரம் ஓட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்து வரும் கார்களின் பட்டியல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் டிஸ்பாட்ச் அறையின் தனிக் கணினி ஒன்றில் சேமிக்கப்படட்டும். அந்தக் கணினி மெயின் சர்வரை நம்பி இருக்கக் கூடாது, யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், பக்கத்திலேயே அதற்கென்று ஒரு பிரிண்டர். வாடிக்கையாளரிடம் பட்டியலைப் போனிலோ மின்னஞ்சலிலோ வாங்க யாரைக் கூப்பிடுவது என்பது சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். டிஸ்க் இடம், சான்றிதழ் காலாவதி, பேக்கப் ஓடியதா: இந்த மூன்றையும் தினமும் யாராவது பார்க்க வேண்டும். ஓஎஃப்டிபி2, ஏஎஸ்2 இரண்டுக்கும் டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. அது காலாவதியானால் ஒரு நள்ளிரவில் இணைப்பு சத்தமில்லாமல் அறுந்துபோகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, லைன் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மென்பொருளை வேண்டுமென்றே அணைத்துவிட்டுக் காகிதத்தில் ஒரு வண்டி அனுப்பிப் பாருங்கள்.

படி 9: தேர்வும் சோதனையும்

உங்களிடம் ஏற்கெனவே சாப் (SAP) என்ற நிறுவன நிர்வாக மென்பொருள் ஓடுகிறது என்றால் அதிலேயே ஜிட் வசதி உண்டு. அதைக் கற்றுக்கொள்வது தனியாக வாங்குவதைவிட நல்லது. செய்தி மாற்றித் தரும் வேலையை மட்டும் வெளி இடிஐ (கம்பெனிகளுக்கிடையே மின்செய்திப் பரிமாற்றம்) சேவை நிறுவனத்திடம் விடலாம். சிறிய கம்பெனி, ஒரே வாடிக்கையாளர், நாளுக்கு நான்கு வண்டி என்றால் வாடிக்கையாளரின் போர்ட்டலும் ஒரு நல்ல பார்கோடு அமைப்பும் போதும். சீக்வென்ஸ் சப்ளைக்குப் போர்ட்டலை நம்பாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து; ஒருவர் உட்கார்ந்து பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் முறை நிமிடக் கணக்குக்குத் தாங்காது.

சோதனையின்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும் அழைப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு "ஓகே" சொல்லிவிடுவார்கள். நீங்கள் கெட்டதை ஓட்டுங்கள்: நடுவில் ஒரு எண் இல்லாத அழைப்பு, இரட்டிப்பாக வந்த அழைப்பு, மாஸ்டரில் இல்லாத பார்ட் நம்பர், ரத்தான கார், திரும்பி வந்த பாடி, நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட், எண் 9999 தாண்டி மறுபடி 0001 ஆகும் இடம். வாடிக்கையாளரின் டிரையல் உற்பத்தி நாள்களில் பழைய முறையும் புதிய மென்பொருளும் சேர்ந்து ஓடி, இரண்டின் பட்டியலும் வரிக்கு வரி ஒத்துப்போன பிறகே பழையதை நிறுத்துங்கள்.

ஓடத் தொடங்கிய முதல் மாதம், ஒவ்வொரு ஷிஃப்ட் மாற்றத்திலும் இறங்குபவரும் ஏறுபவரும் சேர்ந்து நின்று, கடைசியாகப் பெற்ற அழைப்பு எண், கடைசியாக மூடிய ரேக், கடைசியாகக் கிளம்பிய வண்டி, பிழைப் பட்டியலில் மீதியிருக்கும் வரிகள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பிழைப் பட்டியல் காலியாகாமல் ஷிஃப்ட்டை ஒப்படைக்கக் கூடாது.